கல்யாணச் சேதியைக் குழுவில் சொல்லலாமா?

கேள்வி:

எனக்கு 49 வயது. மூன்று வருஷத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, கோவையில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான். கீமோ ஏற்றப் போனபோது பழக்கமான பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். முப்பது சொச்சம் பேர். முதலில் வாந்தி, வாய்ப்புண், ரத்த அணுக்களின் கவுன்ட் இறங்கியது என்றே பேசுவோம். இப்போது யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது, யார் பேரனுக்குப் பல் முளைத்தது என்று ஓடுகிறது.

குழுவில் எனக்கு ரொம்ப நெருக்கமான அக்கா ஒருவருக்கு நோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவி, மறுபடி கீமோ நடக்கிறது. போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. குழுவில் போட டைப் செய்வேன், அக்கா ஞாபகம் வரும், அழித்துவிடுவேன். அவருக்கும் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். இப்போது குழுவில் பேசுவதையே குறைத்துவிட்டேன். "எல்லாந்தான் சரியாயிருச்சே, இன்னும் ஏன் அதுக்குள்ளயே கிடக்கிற, வெளிய வா" என்கிறார் வீட்டுக்காரர். காலையில் போனை எடுக்கும்போது யாருக்கு என்ன ஆச்சோ என்று படபடப்பாக இருப்பதும் உண்மை. கல்யாணத்துக்கு இவர்களைக் கூப்பிட்டால் "இவங்கெல்லாம் யாரு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்றும் அவர் தயங்குகிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு என் நோய் தெரியும். சொந்தத்தில் பலருக்குத் தெரியாது. நான் என்ன செய்வது? கல்யாண வேலையில் இடது கை வேறு சாயங்காலமானால் லேசாக வீங்குகிறது.

- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

முதலில், மகளுக்கு வாழ்த்துகள். இவ்வளவு நல்ல சேதியை இவ்வளவு தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சொல்லுங்கள். ஆனால் குழுவில் போடுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லுங்கள், அதுவும் போனில் கூப்பிட்டு. கீமோ ஏற்றியதும் வருகிற முதல் சில நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்கள் கழிந்து, வாய்க்குக் கொஞ்சம் ருசி திரும்புகிற சமயமாகப் பாருங்கள். "அக்கா, பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. எல்லாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு." இவ்வளவு போதும். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு நினைச்சேன்" என்ற வரியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால், "அதெல்லாம் இல்லம்மா" என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அவர் அழுதால் அழட்டும். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்தாலும் சரி. தன் மகளைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். நடுவில் பேச்சு நின்றுபோனால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். நிரப்பப் போகும்போதுதான் "எல்லாம் சரியாயிரும், தைரியமா இருங்க" என்று வாயில் வந்துவிடும். பரவிய நோயோடு இருக்கிறவர்கள் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். முப்பது பேர் இருக்கிற குழுவில் கல்யாணச் சேதி எத்தனை நாள் தங்கும்? யாராவது ஒருவர் வாழ்த்துப் படத்தோடு போட்டுவிடுவார். அன்றைக்கு அக்காவுக்குக் கல்யாணத்தைவிடப் பெரிதாகத் தெரியப்போவது, தன்னிடம் மட்டும் இது மறைக்கப்பட்டது என்பதுதான். நோய் பரவிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டிலேயே பேச்சு மாறியிருக்கும். வருகிறவர்கள் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "டாக்டர் என்ன சொன்னார்" என்று கேட்பார்கள். பால்காரர் பாக்கியும் பக்கத்து வீட்டுச் சண்டையும் அவர் காதுக்குப் போகாமல் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு அவரை நோயாளி என்ற ஒரே நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுகிறது. மாவு புளித்துப் பொங்கி வழிந்த கதையை இன்னும் அவரிடம் சொல்கிற ஒரே இடம் உங்கள் குழுவாகத்தான் இருக்கும். அங்கேயும் நல்ல சேதியை வடிகட்ட ஆரம்பித்தால் அவருக்கு எந்த இடம் மிச்சம்?

உங்கள் குழுவில் குழம்பும் பேரன் பல்லும் ஓடுவதைக் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். இந்த மாதிரிக் குழுக்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது, ஆரம்பத்திலிருந்தே அவை இப்படித்தான் நடந்திருக்கின்றன. 1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் தங்கி வைத்தியம் பார்க்க வசதியில்லாத காசநோயாளிகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை வகுப்பு மாதிரி நடத்தினார். அப்போது காசநோய்க்கு மாத்திரை கிடையாது. ஓய்வு, நல்ல சாப்பாடு, திறந்த காற்று, இவ்வளவுதான் வைத்தியம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம். இன்று காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் வெளியே படுத்திருந்தேன் என்று தினமும் எழுத வேண்டும், வகுப்பில் அதைக் காட்ட வேண்டும். ஒரே நோய்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் தினப்படியை இன்னொருவர் கேட்பது அவர்களுக்குத் தெம்பு தந்ததை பிராட் கவனித்தார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள்.

உங்கள் நோய்க்கே நேரடியாக நடந்த ஆராய்ச்சிகளும் உண்டு. 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மார்பகப் புற்றுநோய் பரவிய 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். வாராவாரம் குழுவில் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அப்படிக் கூடாதவர்கள் 19 மாதம் போல இருந்தார்கள் என்றது அது. பேசினாலே ஆயுள் கூடும் என்று பரபரப்பாகிவிட்டது. பிறகு கனடாவில் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்து இதையே பெரிய அளவில் செய்து பார்த்து 2001-ல் முடிவைச் சொன்னார்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, வலி குறைவாகத் தெரிந்தது. அதிலும் ஆரம்பத்தில் மனம் மிகவும் உடைந்திருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். அவை பயிற்சி பெற்றவர்கள் முன்னால் நேரில் கூடிய குழுக்கள், வாட்ஸ்அப்புக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை உங்கள் குழு மாற்றப்போவதில்லை. அவருடைய செவ்வாய்க்கிழமை மத்தியானத்தை மாற்ற முடியும்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். உங்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்த்தி வைத்துவிட்டு மருந்துக்கும் பில்லுக்கும் அலைந்தவர் அவர். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நம்ப ஆசைப்படுகிறார், அந்தக் குழு அவருக்கு அதை ஞாபகப்படுத்துகிறது. ஆனால் லெட்ரோசோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் நீங்கள் இன்னும் வைத்தியத்தில்தான் இருக்கிறீர்கள். பெரும்பாலும் ஐந்து வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் சாப்பிடச் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் முழங்கால் பிடித்துக்கொள்வதையும், செக்கப் தேதி நெருங்கும்போது தூக்கம் போவதையும் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்? அவரிடம் சொன்னால் அவரும் தூங்கமாட்டார். ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது குழுவில் வந்த மீன் குழம்புக் கதையை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அங்கே ஓயாமல் அழுகைதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.

காலைப் படபடப்பு வேறு விஷயம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குழுவை 'மியூட்' செய்து 'ஆர்க்கைவ்' பண்ணி வையுங்கள். பல் தேய்த்து, காபி குடித்து, வாசல் வேலை முடிந்த பிறகு நீங்களாகப் போய்ப் பார்க்கிற ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உடம்பு மோசமானால் அதைக் குழுவில் திடுமென்று போடாமல் முதலில் அட்மினிடம் சொல்லட்டும், நெருங்கினவர்களுக்கு அவர் போன் செய்யட்டும் என்று ஓர் ஏற்பாடு பேசிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் திரும்புமோ என்ற பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை, வைத்தியம் முடித்தவர்களில் நிறையப் பேருக்கு வரும். பல புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே கவுன்சலர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணிலும் (டெலிமானஸ்) இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

எல்லாம் பார்த்தும் விலகத்தான் தோன்றுகிறது என்றால் விலகுங்கள், அது துரோகம் ஆகாது. வாட்ஸ்அப்பில் இப்போது குழுவை விட்டுப் போனால் அறிவிப்பு அட்மினுக்குத்தான் போகும். இருந்தாலும் சொல்லாமல் போகாதீர்கள். இந்த மாதிரிக் குழுவில் ஒருவர் திடீரென்று காணாமல் போனால் மற்றவர்கள் மனம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். "நல்லா இருக்கேன், கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். என் எண்ணத்தைக் கேட்டால், உங்களுக்குக் குழு பாரமாக இல்லை. சொல்லாமல் வைத்திருக்கிற சேதிதான் பாரம்.

தினப்படிச் சேதி போடலாம் என்று சொன்னேனே தவிர, எல்லாவற்றையும் போடலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் கீரை சாப்பிட்டது சேதி. "முள் சீத்தா சாப்பிடுங்க, கீமோவே தேவையில்லை" என்பது சேதி இல்லை. "மூட்டுவலின்னு நான் மாத்திரையை நிறுத்திட்டேன், இப்ப நல்லா இருக்கு" என்று யாராவது எழுதினால் அதைப் பார்த்து நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே வகையில் வேறு மாத்திரை உண்டு, டாக்டர்தான் மாற்ற வேண்டும். இன்னொருவர் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வெளியே அனுப்புவதும் கூடாது. நோயை ஊருக்குச் சொல்லாதவர் நீங்கள் ஒருவர் மட்டுமா இருப்பீர்கள்?

கல்யாணத்துக்கு அவசியம் கூப்பிடுங்கள். "இவங்க யாரு?" என்று கேட்டால் "என் சிநேகிதிகள்" என்று சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் அதற்கு மேல் துருவுகிற ஆளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட்டீர்கள், பெரிய வேலையை முடித்துவிட்டீர்கள். சொந்தத்தில் யாராவது பரம்பரை என்று இழுத்தால், மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் என்று தெரிந்து வைத்திருங்கள். மகளுக்கு அந்தக் கவலை இருந்தால் அவளை உங்கள் டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். பந்தியில் உட்கார்ந்து ஜோசியம் சொல்கிறவர்களிடம் வேண்டாம்.

அக்காவுக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கீமோ நடுவில் கவுன்ட் குறைந்திருக்கும்போது கூட்டத்துக்குள் வருவது நல்லதல்ல, அவர் டாக்டரைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். முகூர்த்தத்துக்கு முடியாவிட்டால், அதற்கு முன்பே கூட்டமில்லாத ஒரு நாளில் மணப்பெண்ணை அவர் வீட்டுக்கு அழைத்துப் போய் ஆசீர்வாதம் வாங்கிவாருங்கள். புடவை எடுக்கும்போது இரண்டு மூன்று படம் அனுப்பி எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் சொன்னதையே எடுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகக் கை. அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி வீங்குவது உண்டு. ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் கழித்தும் வரும். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்திலேயே கவனித்தால் கட்டுப்படுத்துவது சுலபம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, தேவையென்றால் பிசியோதெரபிஸ்ட் சொல்கிற அளவில், வீக்கத்தை அடக்கக் கையில் மாட்டுகிற அழுத்த உறை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடமும் பாத்திர மூட்டையும் வேறு யாராவது தூக்கட்டும். அந்தக் கையில் வெட்டுக்காயம், கொசுக்கடி படாமல் பாருங்கள். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கண்ணாடி வளையல் அடுக்கும்போது இடது கைக்கு ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்குங்கள், சாயங்காலம் வீங்கினாலும் இறுக்காத மாதிரி.