எருக்கஞ்செடியில் பூச்சிப் படம்: மேக்ரோ கேள்வி பதில்

மேக்ரோ, அதாவது சின்னஞ்சிறு பூச்சிகளை மிக நெருக்கத்தில் பெரிதாகப் படமெடுப்பது பழக எருக்கஞ்செடிக்கு ஈடு இல்லை. தரிசு, தண்டவாளம், வாய்க்கால் கரை என எங்கும் நிற்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். மஞ்சள் அசுவினி, அதைத் தின்ன வரும் பொறிவண்டு, வெந்தய வரியன் புழு, எருக்கு வெட்டுக்கிளி, பெரிய கருவண்டு (தச்சுத்தேனீ) எல்லாம் ஒரே செடியில் கிடைக்கும். அதில் படமெடுப்பவர்கள் கேட்டவையும் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 55-250 ஜூம்தான் இருக்கு. மேக்ரோ லென்ஸ் இல்லாம முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோசப் கண்ணாடியை முன்னால் கவ்வ விடுங்கள். அதன் சக்தி 8 டயாப்டர், குவியத் தூரம் 125 மி.மீ. ஃபோகஸை முடிவிலியில் வைத்து ஜூமை 250-க்கு இழுத்தால் 2:1 (சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவைப்போல் இரு மடங்கு), 125-ல் 1:1 (நிஜ அளவே). 55 பக்கம் போனால் மூலைகள் கருத்துவிடும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை சென்சாரின் அகலம் சுமார் 22 மி.மீ. 2 மி.மீ. அசுவினி 1:1-ல் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான், அதனால் அசுவினிக்கு 2:1 வேண்டும். வளர்ந்த வெட்டுக்கிளிக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், ஃப்ரேமுக்குள் அடங்காது.

கேள்வி: நண்பரின் 100 மி.மீ. மேக்ரோவில் எஃப்/22 வைத்தேன். முழுப் பூச்சியும் தெரியுது, ஆனா எல்லாமே மசமசன்னு இருக்கு.

பதில்: டிஃப்ராக்‌ஷன். லென்ஸின் துளை மிகச் சிறிதானால் ஒளி விரிந்து படம் மங்குவதுதான் அது; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். 1:1-ல் எஃப் எண் இரட்டிப்பாகும், நீங்கள் வைத்த 22 உண்மையில் 44 போல வேலை செய்கிறது. எஃப்/8 முதல் 11 போதும். (நிக்கான் மேக்ரோ லென்ஸ் என்றால் கேமரா காட்டும் எண்ணே பெருக்கியதுதான், அங்கே 16-22 தெரிந்தால் பயப்பட வேண்டாம்.) எஃப்/11-ல் கூர்மை கிடைக்கும் ஆழம் ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஆகவே புழுவையோ சிறகு மூடிய வெந்தய வரியனையோ சென்சாருக்கு இணையாகப் பிடியுங்கள். மற்றதெல்லாம் மங்கினாலும் கண் மங்கக் கூடாது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள்.

கேள்வி: சார், ஃபிளாஷ் போட்டா பொறிவண்டு முதுகில் வெள்ளைப் பொட்டு. பின்னணியும் கருப்பு.

பதில்: பொறிவண்டின் முதுகு குவிந்த கண்ணாடி மாதிரி, எதிரே இருக்கும் விளக்கின் வடிவத்தையே காட்டும். சின்ன விளக்கு என்றால் சின்னப் பொட்டு. விளக்கைப் பெரிதாக்கி, பூச்சிக்கு மிக அருகே கொண்டுவர வேண்டும். டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை ஏ4 அளவுக்கு வெட்டுங்கள். ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் நுனியைத் தாண்டி வளைந்து தொங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஃபிளாஷ் வாயில் இன்னொரு துண்டை ஒட்டி, இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒரே அடுக்கானால் நடுவில் வெளிச்சம் குவிந்து பொட்டு திரும்ப வரும். இந்த ஒரு தாள் தரும் முன்னேற்றத்தை எந்த விலை லென்ஸும் தராது.

ஃபிளாஷ் மேனுவலில் 1/16 அல்லது 1/32, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200-ல் தொடங்குங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகமிகக் குறைவு, கை நடுக்கம் உறைந்துவிடும். பின்னணி கருப்பாவது வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாததால். பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு எருக்கிலை வரும்படி கோணம் மாற்றுங்கள், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றுங்கள்.

கேள்வி: காத்துல கிளை ஆடுது, என்ன பண்றது?

பதில்: இடக்கையால் தண்டைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸை வையுங்கள். செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஒன்றில் மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கை கழுவாமல் வ்யூஃபைண்டரையோ கண்ணையோ தொடாதீர்கள்.

கேள்வி: வெட்டுக்கிளி தண்டுக்குப் பின்னாடி போயிடுது.

பதில்: வெறுங்கையை மறுபக்கம் மெல்ல நீட்டுங்கள், அது சுற்றி உங்கள் பக்கம் வந்துவிடும். பிடிக்காதீர்கள். அதன் குஞ்சை நசுக்கினால் முதுகிலிருந்து எருக்கின் நஞ்சு கலந்த நீரைப் பீய்ச்சும், இரண்டு அங்குலமாவது பாயும்.

கேள்வி: கருவண்டு ஒரு பூவில் நிற்கவே மாட்டேங்குது. பிடிச்சு ஃப்ரிட்ஜில் வெச்சு எடுக்கலாமா?

பதில்: கூடாது. குளிரில் மடங்கிய கால்கள் படத்தில் அப்படியே தெரியும், பூச்சியும் சாகலாம். துரத்தாமல், புதிதாக விரிந்த கொத்து ஒன்றில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், அந்தக் கொத்துக்கே திரும்ப வரும். வந்ததும் காலைப் பாருங்கள்: எருக்கின் மகரந்தம் தூளாக இருக்காது, மெழுகுபோன்ற மஞ்சள் பைகள் இரண்டிரண்டாக ஒட்டித் தொங்கும். 1:1-ல் அது தெளிவாகவே விழும்.