அவளே விட்டுட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 34 வயது. மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்தபின் நானாகவே விட்டுவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மகளுக்கு இப்போது இரண்டரை வயது. திரும்பப் போகலாமா என்று தவிப்பாக இருக்கிறது. போனால் குற்றவுணர்ச்சி வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலைக்குப் போன மேல்நாட்டுப் பெண்கள்கூட, போர் முடிந்ததும் விருப்பத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் வீடுதான் பெண்ணுக்கு இயல்பான இடமா? மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் வந்த பிறகும் நமக்கு ஏன் இந்தத் தவிப்பு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தோழிக்கு,

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் எழுதுவேன். ஆனால் போன மாதம் என் பெரியம்மா 94 வயதில் போய்ச் சேர்ந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வாஷிங் மெஷின் விஷயத்தை விடுங்கள். அதில் துணியைப் போடுவது யார், எடுத்து மடிப்பது யார் என்று உங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் கவனித்தால் போதும். குற்றவுணர்ச்சியா? வீட்டுக்காரருக்கு அது வந்ததா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், பேசலாம்.

‘விருப்பத்தோடு திரும்பிவிட்டார்கள்’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. எழுதினவர் எதிரில் வந்தால் நாலு வார்த்தை கேட்பேன். பிரிட்டனில் 1941 டிசம்பரில் சட்டம் போட்டு, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்கு அழைத்தார்கள். தாய்மார்களும் வரவேண்டும் என்று குழந்தைக் காப்பகங்களைத் திறந்தார்கள். போர் முடிந்ததும் அதற்கான பணத்தைக் குறைத்தார்கள், பல காப்பகங்கள் மூடப்பட்டன. பிள்ளையை விட இடமில்லாதவள் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்? 1947-ல் ஆள் பற்றாக்குறை வந்ததும், பெண்களே வேலைக்கு வாருங்கள் என்று அரசே பிரசாரம் செய்தது. இரண்டே வருடத்தில் இயல்பான இடம் மாறிவிட்டதாக்கும்!

கல்யாணமானால் பெண் அரசு வேலையை விடவேண்டும் என்று அங்கே நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. ஆசிரியைகளுக்கு 1944-லும் அரசு அலுவலகங்களில் 1946-லும் அதை நீக்கினார்கள். வெள்ளைக்காரன் தன் வீட்டில் கழற்றிப் போட்டதை நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம். 1951-ல் ஐ.ஏ.எஸ். தேறி சென்னை மாகாணத்துக்கு வந்த அன்னா ராஜத்தின் நியமன ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. சமத்துவம் பேசும் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அதற்கும் முன்பு, 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த சி.பி. முத்தம்மாவிடம், கல்யாணமானால் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள், கவனியுங்கள். ‘உன்னை நீக்குவோம்’ என்று சொன்னால் அது அரசின் செயல். ‘நான் விலகுகிறேன்’ என்று அவரையே எழுதவைத்தால் அது அவருடைய விருப்பம். நாளைக்குக் கோப்பைப் புரட்டுகிறவனுக்குத் தன் இஷ்டப்படி வீட்டுக்குப் போன ஒரு பெண்தான் தெரிவாள். முத்தம்மா போகவில்லை. அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தார். பெண்ணின் குடும்பப் பொறுப்பு வேலைக்குக் குறுக்கே வருமென்றால் ஆணுக்கும் வரலாமே என்று 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பில் கேட்டார். அதற்குள் அரசு விதியை எடுத்திருந்தது. விமானப் பணிப்பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதி ஒழிய 1981 ஆனது.

பெரியம்மாவுக்கு வழக்குப் போடவெல்லாம் தெரியாது. டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு, பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. கல்யாணமானவர்களை வைத்துக்கொள்வதில்லை என்பது அங்கே வழக்கம். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று நாலு நாள் லீவ் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் தினமும் டிராமை விட்டு இறங்கியதும் மெட்டியைக் கழற்றி டிபன் கேரியரின் மேல் அடுக்கில் போட்டுக்கொள்வார். தாலியை ரவிக்கைக்குள் தள்ளி ஊக்கு குத்திவிடுவார். பதினாலு மாதம் இப்படியே ஓடியது.

ஐந்தாம் மாதத்தில் வயிறு காட்டிக் கொடுத்துவிட்டது. மேனேஜர் நல்ல மனிதராம், சத்தமே போடவில்லை. “நோட்டை எடும்மா” என்றாராம். அவர் சொல்லச் சொல்ல, பெரியம்மா தன் ராஜினாமா கடிதத்தைத் தானே சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘குடும்பக் காரணங்களை முன்னிட்டு’. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன் என்று எண்பது வயதிலும் சொல்வார். வழியனுப்பும்போது கம்பெனி கொடுத்ததுதான் அந்தச் சிமிழ். உள்ளே குங்குமம் பட்ட தடயமே இல்லை.

“நல்ல வேலை, அவளே விட்டுட்டா.” எங்கள் வீட்டில் எழுபது வருடமாக இதைத்தான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நீங்கள் ‘நானாகவே’ என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் நிறுவனத்தில் அது இருந்ததா? இல்லையென்றால், ஏன் இல்லை என்று வாயைத் திறந்து கேட்டீர்களா? ஒன்பது வருடம் அத்தனை பேருடைய தவறையும் தேடித் திருத்தியிருப்பீர்கள், இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

சரி, திட்டிவிட்டேன். திரும்பப் போவதா வேண்டாமா என்பதற்கு நான் பதிலே சொல்லவில்லை, தெரிகிறது. உங்கள் ராஜினாமா மின்னஞ்சல் இன்னும் எங்காவது கிடக்கும். மகள் தூங்கும்போது தேடி எடுத்து, காரணம் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு அனுப்பவேண்டாம்.