டேப் லைப்ரரி தெரியவில்லை. புது லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: எங்கள் லினக்ஸ் பேக்கப் சர்வரில், ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு பழுதாகி, போன வாரம் புதிது போட்டோம். அதிலிருந்து விர்ச்சுவல் டேப் லைப்ரரி (டேப் லைப்ரரி போல நடிக்கும் ஸ்டோரேஜ்) கண்ணிலேயே படவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் பேக்கப் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும், லைசென்ஸும் புதிதாக வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே தெரியாத லைப்ரரி, அதன் மேல் ஓடும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? சர்வருக்குத் தெரியும் சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஸ்கசி’ கட்டளையை அடித்துப் பாருங்கள். ‘டேப்’ என்று வந்தால் டிரைவ்; ‘மீடியம்எக்ஸ்’ என்று வந்தால் டேப்பை எடுத்து மாட்டும் ரோபோ. இரண்டுமே இல்லையா? அப்படியானால் லைசென்ஸ் பேச்சே வேண்டாம்.

கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த 16 இலக்க முகவரி உண்டு. கார்டு மாறினால் அதுவும் மாறும். பழைய முகவரி இரண்டு இடத்தில் குந்தியிருக்கும்: ஸ்விட்ச்சின் ஜோனிங்கில் (யார் யாரைப் பார்க்கலாம் என்ற பிரிப்பில்) ஒன்று, லைப்ரரியின் அனுமதிப் பட்டியலில் ஒன்று. ஸ்விட்ச் ஒரு டீம், ஸ்டோரேஜ் இன்னொரு டீம் என்பதால் ஒருவர் மாற்றிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். மற்றவருக்குத் தகவலே போகாது. இதில் போன நாட்களை எண்ணினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். இரண்டு பேரையும் ஒரே போன் காலில் பிடியுங்கள்.

கொடுக்கும்போது போர்ட் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும், சாதனத்தைக் குறிக்கும் நோடு முகவரியை அல்ல. கியூலாஜிக் நிறுவனக் கார்டில் 21 என்று தொடங்குவது போர்ட், 20 என்று தொடங்குவது நோடு. கையால் எழுதாமல் காப்பி செய்து அனுப்புங்கள்; 8-ம் பி-யும் குழம்பிப்போகும். இருவரும் மாற்றிய அப்புறம், சர்வரில் பஸ்ஸை (சாதனங்கள் இணையும் பாதையை) ரீஸ்கேன் செய்தால் போதும். லைப்ரரியை ரீபூட் செய்யச் சொல்வார்கள், விடாதீர்கள். வேறு சர்வர்களின் பேக்கப் பாதியில் அறுந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ‘எல்எஸ்ஸ்கசி’யில் எல்லாம் வந்தும் மென்பொருளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம். கட்டளையோடு ‘-ஜி’ சேர்த்து அடித்து, ரோபோ வரியின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ‘எஸ்ஜி3’ மாதிரி ஒரு பெயர் இருக்க வேண்டும். வெறும் கோடு மட்டும் இருந்தால் லினக்ஸின் மையமான கெர்னலில், சாதனங்களோடு நேரடியாகப் பேச உதவும் ‘எஸ்ஜி’ மாட்யூல் ஏறவில்லை என்று அர்த்தம். பல பேக்கப் மென்பொருள்கள் ரோபோவிடம் பேசுவதே அந்த வழியாகத்தான். ‘மோட்ப்ரோப் எஸ்ஜி’ என்று அடித்தால் ஏறிவிடும். சர்வர் எழும்போதே ஏறும்படியும் எழுதி வையுங்கள். இதற்கும் லைசென்ஸ் கிடையாது.