டிவி கம்பெனிங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேர்ந்துகிட்டே போகுதே, நமக்கு என்ன நஷ்டம்?

பாக்குறவங்களுக்கு உடனே பெருசா ஒண்ணும் தெரியாது, கதை எழுதிப் பொழைக்கலாம்னு வண்டி ஏறுறவனுக்குத்தான் அடி. நான் அம்பாசமுத்திரம் பக்கம். வளசரவாக்கத்துல ஒரு சின்ன சீரியல் கம்பெனில ஆறு வருஷம் அசிஸ்டன்ட் டைரக்டரா கெடந்துட்டு இப்ப பாளையங்கோட்டைல கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் வயித்தெரிச்சலோடதான் சொல்லுதேன்.

2021 ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட்ல சன் டிவில மாஸ்டர்செஃப், செப்டம்பர்ல ஜீ தமிழ்ல சர்வைவர், அக்டோபர்ல விஜய்ல பிக் பாஸ் அஞ்சாவது சீசன். எங்க வீட்ல ரிமோட்டுக்கு ஒரே சண்டை, அத்தை சர்வைவர் நடத்துன அர்ஜுன் கட்சி, மதினி பிக் பாஸ் நடத்துன கமல் கட்சி. மூணு சேனலும் மல்லுக்கட்டுதுன்னுதான் நாங்க நெனச்சோம். ஆனா மூணு ஃபார்மட்டும், அதாவது அந்த ஷோக்களோட மூல அச்சும், பானிஜேங்கிற ஒரே பிரெஞ்சுக் கம்பெனியோடது! பிக் பாஸ் 1999ல நெதர்லாந்துல பிக் பிரதரா ஆரம்பிச்ச எண்டமோல் சரக்கு (அந்தப் பேரே யோப் வான் டென் எண்டேல பாதி, ஜான் டி மோல்ல பாதி, பொறந்தப்பவே ஒட்டுப்போட்டதுதான்), மாஸ்டர்செஃப் ஷைன் கம்பெனிது, அப்புறம் எண்டமோலும் ஷைனும் ஒண்ணாச்சு, 2020ல அந்த ரெண்டையும் மொத்தமா பானிஜே வாங்கிருச்சு, சர்வைவர் அதுக்கு முன்னாடியே அவங்க கையில. மேலப்பாளையம் சந்தைல துண்டுக்குள்ள கைய விட்டு வெலை பேசுவாவல்லா, அந்த மாதிரி மூணு பேர்ட்ட மாத்தி மாத்திப் பேசிட்டு கடைசில பாத்தா மூணு ஆடும் ஒரே அண்ணாச்சியோடது.

சேனல் பக்கமும் இதே கததான். 2024 நவம்பர்ல ரிலையன்ஸோட வயாகாம்18ம் டிஸ்னியோட ஸ்டாரும் சேந்து ஜியோஸ்டார் ஆச்சு, 70,352 கோடி மதிப்புன்னாவ. விஜயும் கலர்ஸ் தமிழும் இப்ப ஒரே வீடு.

இதுல கதை எழுதுறவனுக்கு எப்படி அடின்னு கேக்கலாம். முன்னாடி சன் டிவில ஸ்லாட் முறை இருந்துச்சு. தயாரிப்பாளரே சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவாரு, விளம்பரமும் அவரே புடிக்கணும், ஓடலன்னா தலைல துண்டுதான், ஆனா ஓடுச்சுன்னா லாபமும் அவருக்கு, கதை உரிமையும் அவருக்கு. ராதிகாவோட ராடான் எல்லாம் அப்படி வளந்த கம்பெனிதான். இன்னொன்னு கமிஷன் முறை, அதுல சேனலே எபிசோடுக்கு இவ்ளோன்னு தயாரிப்பாளருக்குக் குடுத்துரும், ரிஸ்க் கெடையாது, உரிமையும் பெரும்பாலும் கெடையாது. மேஸ்திரிக்கு வீடு சொந்தமாவா இருக்கும்? சம்பளம் ஒழுங்கா வரும், அதை மட்டும் நான் ஒத்துக்கிடுதேன்.

சொந்தப் பணம் போட்டவன் நம்ம ஊருக் கதைய நம்பி எடுப்பான். மேல ஆபீஸ் மேல ஆபீஸா இருந்தா அவன் ஏற்கனவே ஓடுனதத்தான் கேப்பான். பத்தமடைல கோரைப்பாய் முடையுற ஒரு குடும்பத்தை வச்சு கத எழுதிக் கொண்டு போனேன், எங்கன்னு சொல்ல வேண்டாம். அங்க இருந்தவரு ரெண்டு பக்கம் பொரட்டிட்டு, "இது எந்த மொழில ஏற்கனவே ஓடிருக்கு தம்பி?"ன்னாரு. பத்தமடைல ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்குன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்ல. கூப்பிடுதேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு.