எல்லா முடிவுகளும் உங்களிடமே வந்து நிற்பது பற்றி

வணக்கம். 5 பேருடன் தொடங்கிய உங்கள் இலவசப் பயிற்சிக் குழு 12 பேராக வளர்ந்த பிறகும், சிறு முடிவுகூட உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதால் திறமையானவர்கள் விலகுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருவர் இருவராகக் கணக்கிட்டால் 5 பேருக்கிடையே 10 தொடர்புகள்தாம். 12 பேரானால் அது 66 ஆகிவிடும் என்பதால், வாய்ப்பேச்சிலேயே நடந்த ஒருங்கிணைப்பு இனித் தாங்காது. வேலையோடு முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்தே பிரித்துக் கொடுங்கள்: மாணவர் சேர்க்கையைக் கவனிப்பவர் யாரைச் சேர்ப்பது, எந்த வகுப்பில் அமர்த்துவது என்பதை உங்களைக் கேளாமலே தீர்மானித்து, வார இறுதியில் ஒரு பத்தியில் எழுதித் தெரிவித்தால் போதும். செலவுக்கு மட்டும் ஒரு வரம்பு வையுங்கள். அவருடைய முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், மாணவருக்குத் தீங்கில்லாத வரை அதை மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றிவிட்டால் அடுத்த கேள்வியும் உங்களிடமே வரும். விலகியவர்களிடமும் தயங்காமல் பேசுங்கள். எங்கே காத்திருந்து சலித்தார்கள் என்பதை அவர்களால்தான் துல்லியமாகச் சொல்ல முடியும்.