இரவில் ஒரு கிராமத்துச் சாலை: வான்கோ ஓவியம் பற்றிய கேள்வி பதில்

வின்சென்ட் வான்கோ 1890 மே மாதம் வரைந்த 'சைப்ரஸும் விண்மீனும் உள்ள சாலை' பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்கு பிரான்சில் சான்-ரெமி பக்கத்து இரவுக் காட்சி இது. நடுவில் கறுத்து உயர்ந்த சைப்ரஸ் மரம். அதன் இடப்பக்கம் ஒளிவட்டத்தோடு ஒரு விண்மீன், வலப்பக்கம் மெல்லிய பிறை. கீழே வளைந்து வரும் சாலையில் இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். வெள்ளைக் குதிரை பூட்டிய மஞ்சள் வண்டி ஒன்றும் இருக்கிறது. சன்னலில் வெளிச்சம் தெரியும் ஒரு பழைய சத்திரம், தூரத்தில் நீலக் குன்றுகள். உயரம் சுமார் 91 செ.மீ., அகலம் 72 செ.மீ.

ஓவியம் பார்க்கப் பழக்கமே இல்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அர்த்தத்தைத் தேடாமல் தீற்றல்களிலிருந்து ஆரம்பியுங்கள். தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்தப் படத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதலில் சாலை. வெளிர்நீலமும் வெளிர்மஞ்சளும் கலந்த நீண்ட தீற்றல்கள், சாலை வளையும் போக்கிலேயே வளைந்து கீழே இறங்குகின்றன. மழை வெள்ளம் வடிகிற வாய்க்கால் போல அது நம் காலடிக்கு ஓடி வருகிறது. அப்புறம் மரத்தைப் பாருங்கள். அங்கே எல்லாத் தீற்றலும் மேல்நோக்கி எழுகிறது. வானத்தில் சிறு சிறு துண்டுத் தீற்றல்கள், விண்மீனையும் பிறையையும் சுற்றி வளையம் வளையமாகப் போகின்றன. ஆக சாலை இறங்குகிறது, மரம் ஏறுகிறது, வானம் சுழல்கிறது. மூன்று இயக்கங்கள், மூன்றும் வேறு வேறு வேகம். இதைக் கண்ணால் பின்தொடர்ந்துவிட்டால், படம் ஏன் அசைவது போல இருக்கிறது என்பதற்கு யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு ஒரு சின்னப் பயிற்சி. சத்திரத்துச் சன்னல்களின் ஆரஞ்சு நிறத்தை விரல்நுனியால் மறைத்துப் பாருங்கள். படத்தின் பரப்பில் அது ஒரு துளிதான். மறைத்ததும் அந்தப் பக்கத்து நீலமெல்லாம் உயிரிழந்துவிடும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். வான்கோ இந்த எதிர் நிறக் கணக்கைப் படித்துப் பழகியவர். எவ்வளவு குறைவாக வைத்தால் போதும் என்பதிலும் அவருக்கு நிதானம் இருந்தது.

வானத்தில் இரண்டு சூரியன் இருப்பது போல இருக்கிறதே, ஏன்? (சேலம்)

சூரியன் இல்லை, விண்மீனும் பிறையும்தான். விண்மீனின் ஒளியை வேண்டுமென்றேதான் மிகைப்படுத்தியிருக்கிறார். 1890 ஜூனில் ஓவியர் கோகானுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, அனுப்பாமலே வைத்துவிட்டார். அதில் இந்தப் படத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறார்: ஒளியில்லாத நிலவு, மிகைப்படுத்திய ஒளியோடு ஒரு விண்மீன், மேகங்கள் ஓடும் அல்ட்ராமரின் நீல வானத்தில் அதன் மென்மையான இளஞ்சிவப்பும் பச்சையும். இதைத் தன் கடைசி முயற்சி என்றும் குறிப்பிடுகிறார். அதாவது சைப்ரஸையும் விண்மீனையும் சேர்த்துப் பார்க்கும் கடைசி முயற்சி.

வானியல் தெரிந்தவர்கள் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்து, 1890 ஏப்ரல் 20 அன்று மாலை மெல்லிய பிறையும் வெள்ளியும் புதனும் அருகருகே தெரிந்தன, அந்தக் காட்சி இதற்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் வானத்தைப் பார்த்தது ஒரு மாலை என்றால், படம் உருவானது அதற்குப் பிறகு. நடுவில் நினைவு நிறைய வேலை செய்திருக்கிறது.

அதே கடிதத்தில், பிறை பூமியின் நிழலிலிருந்து வெளிவருகிறது என்று எழுதியிருக்கிறாராமே. இயற்பியல்படி அது தப்பு இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

தப்புதான் ஐயா. பிறை வளர்வதற்கும் தேய்வதற்கும் பூமியின் நிழல் காரணமில்லை. நிழல் விழுவது கிரகணத்தில் மட்டும்தான். ஆனால் அவர் கண்டது உண்மை. மூன்றாம் பிறை சமயத்தில் நிலவின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்ட சூரிய ஒளி திரும்பி நிலவின் மேல் விழுவதால் வருவது அது. அந்த மங்கலான முழு வட்டத்தைக் கவனித்த கண்ணுக்குத்தான் இப்படி எழுதத் தோன்றும். காரணத்தை அவர் தவறாகச் சொன்னாலும் கவனிப்பு அருமையானது.

மனநல விடுதியில் இருந்தபோது வரைந்தது. மனக் கொந்தளிப்புதானே இந்தச் சுழலாக வந்திருக்கிறது? (கோயம்புத்தூர்)

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் 1889 மே மாதம் சான்-ரெமியில் சான்-போல்-தெ-மோசோல் என்ற மனநல விடுதியில் தானாகவே போய்ச் சேர்ந்தார். நோய் விட்டு விட்டு வந்தது. 1890 பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடுமையாகப் படுத்தியது. அந்தக் காலத்தில் அவரால் அதிகம் வேலை செய்ய முடியவில்லை. தெளிந்த பிறகு, மே மாதத்தின் முதல் பாதியில், ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் பல படங்களை முடித்தார். மே 16 அன்று கிளம்பிவிட்டார். இந்தப் படம் அந்தத் தெளிந்த நாட்களைச் சேர்ந்தது.

பித்தத்தில் கை போன போக்கில் வரைந்தவர் எதிர் நிறத்தை இவ்வளவு அளந்து வைப்பாரா? இரண்டு ஒளிகளை மரத்தால் பிரித்து வைப்பாரா? நோயோடு போராடிக்கொண்டே ஒருவர் தன் தொழிலை இத்தனை சுத்தமாகச் செய்தார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. நோயே வரைந்தது என்று சொன்னால் அந்த உழைப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

முக்கியமான பொருளை நட்டநடுவில் வைக்காதே என்று எங்கள் ஓவிய வகுப்பில் சொல்வார்கள். இவர் மரத்தை நடுவிலேயே நட்டு வைத்திருக்கிறாரே? (புகைப்படக்காரர், சென்னை)

நல்ல கேள்வி. நடுவில் ஒரு செங்குத்துப் பொருள் வந்தால் படம் இரண்டாகப் பிளந்துவிடும் என்பதால்தான் அந்த விதி. இங்கே அவருக்குத் தேவையே அந்தப் பிளவுதான். விண்மீனும் பிறையும் ஒரே வெளியில் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். எது முக்கியம் என்று கண் தடுமாறும். மரம் குறுக்கே நின்று ஆளுக்கொரு வானம் பிரித்துக் கொடுக்கிறது.

அப்படிப் பிரித்ததைக் கீழே சாலை சேர்த்துவிடுகிறது. மரத்தின் அடியை உரசிக்கொண்டு சாய்வாகப் போவதால் படம் உறைந்து போகாமல் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மரத்தின் உச்சி படத்துக்குள் இல்லை. மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. உச்சி தெரிந்திருந்தால் மரத்தை அளந்திருப்போம். நிலக்காட்சிக்கு வழக்கமாக அகலவாக்கில் கேன்வாஸ் எடுப்பார்கள். இதற்கு அவர் நெட்டுவாக்கில் எடுத்திருக்கிறார். அந்த உயரம் மரத்துக்காக.

சைப்ரஸ் அவரை ஒரு வருடமாகவே ஆட்டிப் படைத்த மரம். தம்பி தியோவுக்கு 1889 ஜூனில் எழுதிய கடிதத்தில், கோட்டிலும் அளவிலும் அது எகிப்தியக் கல்தூண் போல அழகு என்கிறார். வெயில் காயும் நிலத்தில் ஒரு கரும்புள்ளி, அதைச் சரியாகப் பிடிப்பது மிகக் கஷ்டம் என்றும் சொல்கிறார். உற்றுப் பார்த்தால் மரம் கறுப்பு இல்லை. அடர் பச்சைக்குள் நீலமும் பழுப்பும் ஓடுகின்றன.

சைப்ரஸ் என்றால் அங்கே சுடுகாட்டு மரம் என்கிறார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார். அப்படியானால் இது மரணத்தின் படமா? (யாழ்ப்பாணம்)

மத்தியதரைக்கடல் நாடுகளில் கல்லறைத் தோட்டங்களில் சைப்ரஸ் நடும் வழக்கம் உண்டு, அது வான்கோவுக்கும் தெரியும். ஆனால் சான்-ரெமி இருக்கும் ப்ரோவான்ஸ் பகுதியில் வயலோரத்திலும் வரிசையாக நடுவார்கள். வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்றைத் தடுக்க அதுதான் வேலி. அன்றாடம் கண்ணில் படும் விவசாய மரம். அவர் 1890 ஜூலை 29 அன்று இறந்தது நமக்குத் தெரியும். மே மாதம் தூரிகை பிடித்தவருக்குத் தெரியாது. கோகானுக்கு எழுதத் தொடங்கிய அதே கடிதத்தில், இந்தப் படத்தை வைத்தும் ப்ரோவான்ஸ் நினைவுகளை வைத்தும் அச்சோவியங்கள் செய்யப் போவதாகத் திட்டம் போடுகிறார். முடிவை வைத்துப் படத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அந்தச் சாலையில் நின்றுதான் வரைந்தாரா? இப்போது போனால் அந்த இடத்தைப் பார்க்கலாமா?

ஒரே இடமாகத் தேடாதீர்கள். கண்ட மரம், கண்ட வானம், கண்ட சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய படம் இது. 1888இல் ஆர்ல் ஊரில் வான்கோவும் கோகானும் சேர்ந்திருந்தபோது, நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் வரையச் சொல்லி வற்புறுத்தியவர் கோகான்தான். இயற்கையை எதிரே வைத்து வரைவதுதான் வான்கோவின் இயல்பு. அந்தக் கோகானுக்கே இந்தப் படத்தை விவரித்து எழுத உட்கார்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

என் பையன் இதைப் பார்த்து, நானே நன்றாக வரைவேன் என்கிறான். நடந்து வரும் ஆட்களுக்கு முகம்கூட இல்லை. (இல்லத்தரசி, ஈரோடு)

வரையட்டும் அம்மா, தாளும் வண்ணமும் கொடுங்கள். வரைந்து முடித்ததும் அந்த இருவரையும் அவனோடு சேர்ந்து பாருங்கள். முகம் இல்லை, சரி. ஆனால் ஒருவர் தோளில் மண்வெட்டி இருக்கிறது. வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் என்று அது ஒன்றே சொல்லிவிடுகிறது. இந்த இருட்டில், இந்தத் தூரத்தில் யாருக்கும் முகம் தெரியாது. உருவமும் நடையும்தான் தெரியும். தெரிவதை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

போஸ்ட்-இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன? ஒரு பத்தியில் சொல்லுங்கள்.

மோனே போன்ற இம்ப்ரெஷனிஸ்டுகள் அந்த நேரத்து வெளிச்சம் கண்ணில் படுவதைப் பிடிக்க முயன்றார்கள். அவர்களிடம் பிரகாசமான நிறங்களைக் கற்றுக்கொண்டு, அதற்கு மேலும் போனவர்களை இந்தப் பெயரில் சேர்க்கிறோம். செசான் கட்டமைப்பைத் தேடினார், சொராட் நிறத்தைப் புள்ளிகளாகப் பிரித்தார், வான்கோ நிறத்தாலும் தீற்றலாலும் உணர்ச்சியைச் சொன்னார். பெயரை வைத்தது விமர்சகர் ரோஜர் ஃப்ரை, 1910இல் லண்டன் கண்காட்சிக்காக. அப்போது வான்கோ இறந்து 20 வருடம்.

சாலையை வரைவதில் இவருக்கு முன்னோடி உண்டா?

உண்டு. டச்சு ஓவியர் ஹொப்பெமா 1689இல் வரைந்த மிடல்ஹார்னிஸ் சாலை, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இருபக்கமும் நெடிய மரங்கள், நடுவே நேராகத் தொடுவானம் வரை போகும் சாலை. வான்கோவுக்குப் பிடித்த படம். அதில் சாலை நம்மைத் தூரத்துக்கு அழைத்துப் போகும். இதில் சாலை தூரத்திலிருந்து நம்மிடம் வந்து, கீழ் விளிம்பில் கொட்டிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 200 வருடத்தில் என்ன மாறியது என்பது புரியும்.

நான் அக்ரிலிக்கில் வரைகிறேன். இந்தத் தடிமன் எப்படி வரும்? (பெங்களூரு)

அவர் எண்ணெய் வண்ணத்தைக் குழாயிலிருந்து எடுத்துத் தடிமனாகவே வைப்பார், பல இடங்களில் ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தையும் இழுப்பார். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அது கஷ்டம். ஜெல் மீடியம் (வண்ணத்தைக் கெட்டியாக்கும் கலவை) கலந்தால் தடிமனும் கிடைக்கும், கொஞ்சம் நேரமும் கிடைக்கும். நிறத்தைப் பலகையிலேயே கலந்து முடியுங்கள். முடி விறைப்பான தட்டைத் தூரிகையில் நிறைய எடுத்து, ஒரே இழுப்பு, உடனே தூக்கிவிடுங்கள். இரண்டாம் முறை தேய்த்தால் போச்சு, சேறாகிவிடும். முழுப் படத்தையும் நகலெடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்று எடுத்து, பென்சிலால் தீற்றல் திசைகளை அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அப்புறம் சாலை வளைவை மட்டும் தபால் அட்டை அளவில் செய்யுங்கள்.

நாம் பார்க்கும் நிறம் அவர் வைத்த அதே நிறமா?

வான்கோ படங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அவர் பயன்படுத்திய சில சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இந்தப் படத்தை வரைந்த அதே 1890 மே மாதம் வரைந்த ரோஜாப் படங்களில் இளஞ்சிவப்புப் பூக்கள் இன்று கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிகின்றன. ஊதா நிறத்து ஐரிஸ் பூக்கள் நீலமாகிவிட்டன. அவர் விண்மீனைச் சுற்றி இளஞ்சிவப்பு என்று எழுதியிருப்பதால், படத்தைப் பார்க்கும்போது அந்த வரியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

நெதர்லாந்தில் ஓட்டர்லோ ஊரில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம். ஹெலன் க்ரோலர்-முல்லர் என்ற பெண்மணி சேர்த்த தொகுப்பு, 1938இல் திறந்தார்கள். வான்கோ ஓவியங்கள் மட்டும் 90க்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்துக்கு அடுத்த பெரிய தொகுப்பு அதுதான். தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வாசலில் வெள்ளை சைக்கிள் இலவசமாகத் தருவார்கள், அதில் போகலாம். வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்புவதுண்டு. டிக்கெட் போடும் முன் இந்தப் படம் சுவரில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.