பரிணாமம் பற்றிய ஒரு கூற்று அறிவியலா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

"உசிலம்பட்டிப் பக்கம்தான் இந்தியாவின் முதல் மனிதன் தோன்றினான் என்று மரபணு ஆய்வு நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது அறிவியலா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு மாணவர்களிடமிருந்தும் இக்கேள்வி வருவதுண்டு. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உசிலம்பட்டி அருகேயுள்ள ஜோதிமாணிக்கம் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரின் இரத்த மாதிரியில் எம்130 என்ற மரபணுக் குறி இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு கண்டறிந்தது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அதை உலகறியச் செய்தார். எம்130 என்பது, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமின் டி.என்.ஏ. வரிசையில் என்றோ நேர்ந்த ஒற்றை எழுத்து மாற்றம். அதே குறி ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்களிடமும் காணப்படுவதால், இரு தரப்பாருக்கும் தந்தை வழியில் ஒரு பொது மூதாதை இருந்தார் என்பது ஆய்வாளர்களின் கூற்று.

இதை அறிவியல் என்று நான் ஏற்பது, சொன்னவர்கள் பேராசிரியர்கள் என்பதால் அன்று. எது நேர்ந்தால் இது பொய்யாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்பதால்தான். எம்130 கிளை, எம்168 என்ற அதைவிடப் பழைய மாற்றத்தைத் தாங்கிய கிளையிலிருந்து பிரிந்தது என்றால், எம்130 உள்ளவர்களிடம் எம்168 குறியும் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் எம்130 மட்டும் உள்ள ஆண்கள் பரவலாகக் கிடைத்திருந்தால், அந்த வம்சாவளி மரமே சரிந்திருக்கும்.

"முதல் மனிதன் இங்கேதான் தோன்றினான்" என்பதற்கு அதே இரத்த மாதிரியில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு குறி இன்று ஓரிடத்தில் காணப்படுவதால் அது அங்கேயே தோன்றியதாகிவிடாது. மேலும், பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இதைக் கொண்டு தங்கள் சாதியே மூத்தது என்று வாதிடுவோர், அக்குறி வேறு சாதியாரிடம் கிடைத்தால் அவர்களும் எங்கள் வழியினரே என்பார்கள். தங்களவரிடமே கிடைக்காவிட்டால் கலப்பில் மறைந்தது என்பார்கள். எந்த முடிவு வந்தாலும் தப்பித்துக்கொள்ளும் இப்பேச்சு ஆய்வின் பெயரால் மேடையேறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பரிணாமக் கொள்கை இப்படித் தப்பித்துக்கொண்டதில்லை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. ஓர் இணை முழுவதும் தொலைந்துபோயிருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே, பொது மூதாதை உண்மையானால், நம் குரோமோசோம்களில் ஒன்று இரண்டு சேர்ந்து உருவானதாக இருக்க வேண்டும். அந்த ஒட்டுத் தடமும் அதில் தெரிய வேண்டும். குரோமோசோமின் முனைகளில் மட்டுமே வழக்கமாக இருக்கும் டெலோமியர் வரிசை, நம் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் எதிரெதிராக ஒட்டிக் கிடப்பது 1991இல் வெளியானது. வழக்கமாக ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கும் சென்ட்ரோமியர் என்ற இணைப்புப் பகுதி அதில் ஒன்று செயல்பட, செயலிழந்த இரண்டாவதன் எச்சமும் உள்ளது. இப்படியொரு தடம் எங்குமே இல்லாதிருந்தால் கொள்கைக்குப் பெரும் நெருக்கடி வந்திருக்கும்.

பொய்யென்று காட்டும் வாய்ப்பு இருப்பதே அறிவியலின் அடையாளம் என்று வாதிட்ட தத்துவவாதி கார்ல் பாப்பர், இயற்கைத் தேர்வைச் சோதிக்க இயலாது என்று ஒருகாலத்தில் கருதினார். அவரே 1978இல் அக்கருத்தை மாற்றிக்கொண்டார்.

பரிணாமத்தை ஏற்பவர்கள் சொல்வதெல்லாம் அறிவியலாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். "ஆண்கள் வேட்டையாடியவர்கள், அதனால்தான் இன்றும் வழி கேட்கத் தயங்குகிறார்கள்" என்பது போன்ற விளக்கங்கள் சுவையானவை. ஆனால் அந்தத் தயக்கம் மரபுவழி வருகிறதா, எல்லாச் சமூகங்களிலும் உண்டா, வளர்ப்பினால் வரவில்லை என்பதற்கு என்ன சான்று என்று கேட்டால் பதில் இராது. சொல்பவர் டார்வினை எத்தனை முறை துணைக்கு அழைத்தாலும், இந்தக் கேள்விகளுக்குத் தரவு தேடத் தொடங்கும்வரை அதை நான் ஊகம் என்றே எழுதச் சொல்வேன்.